நீர்வேலிக்குக் கொண்டுபோன வாழைப்பழம்

சுவிஸுக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்தக் கடைக்குள் போனாலும் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருப்பதை மூன்று மொழியிலும் வாசித்து, நல்லது கெட்டது பார்த்துத்தான் கூடைக்குள் போடுவேன்.

இது பொய். பொட்டலத்தைத் திருப்புவது மட்டும் உண்மை. அந்த நாட்டில் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கினாலும் உள்ளே இருப்பதை மூன்று தரம் எழுதியிருப்பார்கள், மொழிக்கு ஒரு தரமாக. ஒரே பெட்டியை மூன்று விதமாக வாசிக்க முடியாமல் நிற்கும் வசதி எனக்கு வேறெந்த நாட்டிலும் கிடைத்திராது. நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் முதலாம் தவணை மட்டும். பிறகு அப்பாவின் வாழைத்தோட்டத்தில் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மாறப் போய்விட்டேன். இப்போது பேர்ண் நகரத்தில் ஒரு வயோதிபர் இல்லத்தின் குசினியில் தட்டுக் கழுவுகிறேன். தட்டில் எழுத்து இருக்காது. ஆகையால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனாலும் கடையில் பொட்டலத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பேன். பக்கத்தில் தமிழ் ஆட்கள் நின்றால் இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடப் பழக்கம்தான் இந்தமுறை என்னை யாழ்ப்பாணத்தில் ஒரு மௌலவிக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தியது.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவன் இனிப்பு இல்லாமல் படலை திறக்கக்கூடாது என்பது எங்களுடைய சட்டம். நான் நான்கு கிலோ கொண்டுவந்தேன். ரப்பர்போல இழுபடுகிற இனிப்பு, மஞ்சள் நிறம், வாழைப்பழ வடிவம். நீர்வேலியில் பிறந்தவன் நீர்வேலிக்கே வாழைப்பழம் கொண்டுபோகிறான் என்று விமான நிலையத்தில்தான் எனக்கு உறைத்தது. அப்போது பெட்டி உள்ளே போய்விட்டது. ஆனால் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் வீடு சைவ வீடு. அம்மா காலத்திலிருந்து முட்டைகூடப் படலை தாண்டியதில்லை. இப்போது அந்த வீட்டில் இருக்கும் அக்கா அம்மாவைவிட ஒரு படி மேல். சுவிஸில் நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதை இங்கே எழுதவில்லை, அக்கா இதை வாசிப்பார். ஆகவே ஒரு பொட்டலத்தைக் குசினித் தலைவி மார்லீஸிடம் கொண்டுபோய், இதற்குள் இறைச்சி இருக்கிறதா என்று என் ஜெர்மனில் கேட்டேன். மார்லீஸ் திருப்பிப் பார்த்தாள். அவளும் ஒரு நிமிடம்தான் பார்த்தாள், ஆனால் அவள் வாசித்தாள்.

"கைன் ஃப்ளைஷ், தவா. நூர் கெலாட்டினே" என்றாள்.

இறைச்சி இல்லை, கெலாட்டினே மட்டும்தான். இறைச்சி இல்லை என்பது எனக்கு விளங்கியது. எனக்குத் தேவையான செய்தி அதோடு வந்துவிட்டது. கெலாட்டினே ஏதோ பழமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மார்லீஸில் பிழை இல்லை. அவளுக்கு இறைச்சி என்றால் தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டுவது. தோலையும் எலும்பையும் காய்ச்சி வடித்தெடுத்த தூள் அவளுடைய கணக்கில் உப்பு, சீனியோடு சேர்ந்தது.

பொட்டலங்களில் பாதியை யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நிலாமுக்குக் கொடுத்தேன். நிலாமும் நானும் ஒரே வயது. அவனுடைய வாப்பா வாழைக்குலை வியாபாரி. செவ்வாயும் சனியும் எங்கள் தோட்டத்துக்குக் குலை வெட்ட வருவார், நிலாமும் கூட வருவான். வெட்டி முடிந்ததும் அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைப்பார். மற்ற வீடுகளில் வாப்பா வெறும் தேநீர்தான் குடிப்பார், அதையும் யோசித்துத்தான் குடிப்பார். எங்கள் வீட்டில் இலை போட்டதும் இருந்துவிடுவார். "இது சைவ வீடு, இஞ்சை கேக்கத் தேவையில்லை" என்று நிலாமுக்கும் சொல்லுவார். பிறகு தொண்ணூறில் ஒருநாள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டு அனுப்பியது. அந்தக் கிழமை வாப்பாவுக்கென்று வெட்டிய குலைகள் எங்கள் வளவிலேயே பழுத்து, வௌவால் தின்று, அழுகி முடிந்தன. அப்பா அவற்றை வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. வாப்பா வரவும் இல்லை, புத்தளத்தில் காலமாகிவிட்டார். நிலாம் பல வருடம் கழித்துத் திரும்பிவந்து கடை போட்டான். நான் சுவிஸுக்குப் போய்விட்டேன், திரும்பிவருவது நான்கு வருடத்துக்கு ஒருமுறை, நான்கு கிலோவோடு.

பொட்டலத்தை வாங்கிய நிலாம் உடனே பிரிக்கவில்லை.

"மச்சான், எங்கடை ஆக்கள் சாப்பிடலாமோ?"

"தனிச் சைவம்" என்றேன். "மூண்டு பாசையிலையும் வாசிச்சுப் பாத்துத்தான் வேண்டினனான்."

"அப்ப சரி" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டான். "உன்ரை கெட்டித்தனத்துக்கு உன்னை அங்கை மந்திரியாக்கியிருக்கோணுமே. ஏன் தட்டுக் கழுவ விட்டவங்கள்?"

அவனுடைய கடைசி மகள் அந்தக் கிழமைதான் குர்ஆனை முதன்முறையாக ஓதி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில் சின்ன விசேஷம், அவளோடு ஓதுகிற பிள்ளைகள் முப்பது பேர் வருவார்கள். "வெளிநாட்டு இனிப்பெண்டால் பிள்ளையளுக்குப் பெருநாள்தான். இதையே குடுப்பம்" என்றான் நிலாம். எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் வரை அந்தப் பெருமை இருந்தது. அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதற்காகச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் சூப்புவார், நான் வந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறாமல்.

"தவம், இதுக்குள்ளை சீனி எவ்வளவு?"

"கொஞ்சம்தான் அக்கா."

"எங்கை எழுதிக் கிடக்கு?"

நான் ஒரு இடத்தில் விரலை வைத்தேன். அது கடையின் முகவரியாகவும் இருக்கலாம். அக்கா தன்னுடைய கைபேசியை எடுத்துப் பொட்டலத்துக்கு மேலே பிடித்தார். அந்தக் கைபேசியில், பிற மொழி எழுத்தைக் கமராவுக்குக் காட்டினால் தமிழாக்கித் தரும் வித்தை ஒன்று இருக்கிறது. இந்த வித்தை உலகத்தில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா கோயில் துண்டுப்பிரசுரம் வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தார்.

"குளுக்கோஸ் பாகு. சீனி. பன்றி ஜெலட்டின்." கொஞ்சம் நிறுத்தினார். "தவம், பன்றி எண்டு கிடக்கு."

"ஃபோன் பிழையாய் வாசிக்கும் அக்கா."

அக்கா கைபேசியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். "இந்தப் பாசையிலையும் பன்றிதான்." இன்னும் கொஞ்சம் இறக்கினார். "இதிலையும் பன்றி." எங்கள் குடும்பத்தில் அந்தப் பொட்டலத்தை மூன்று மொழியிலும் வாசித்து முடித்த முதல் ஆள் அக்காதான்.

பிறகு அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். நான் உள்ளே இருந்து வாளி விழும் சத்தத்தை எண்ணினேன். இருபத்தேழு வாளி. தலைமயிரைப் பிழிந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்.

"நிலாமுக்கும் குடுத்தனியெல்லோ?"

"ஓம்."

"சாப்பிட்டவனோ?"

"ஒண்டு. நாளைக்குப் பிள்ளையளுக்கும் குடுக்கப்போறான்."

"அப்ப ஏன் இன்னும் உதிலை குந்திக்கொண்டிருக்கிறாய்?"

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்தேன். கோப்பாய் வரும்வரை ஒரே யோசனை: சொல்லாமல் விட்டால் என்ன? இனிப்பைத் தின்ற பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை. நிலாமுக்குத் தெரியப்போவதில்லை. நான் ஒன்பது நாளில் விமானம் ஏறிவிடுவேன். அக்காவின் வாயை மட்டும் அடைக்க வேண்டும், அதற்கு மனித முயற்சி போதாது. அதோடு, கேட்காமல் இலையில் இருந்த நிலாமின் வாப்பா திரும்பத் திரும்ப நினைவில் வந்தார். நான் கண்டக்டரைப் பார்த்தால் அவர் வாப்பாபோல இருந்தார். கோப்பாய் தாண்டியபோது வேறு வழி தேடினேன். புறப்படுமுன் அக்காவின் கைபேசி சொல்லித்தந்தபடி, பன்றியின் தோலை அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி, வடித்து, காயவைத்து, தூளாக்கி, அதற்குச் சீனி போட்டு, வாழைப்பழ அச்சில் ஊற்றிய பிறகு அதில் பன்றி எங்கே இருக்கிறது? ஒரு தோட்டக்காரன் மகனுக்கு இது பெரிய கேள்வி இல்லை. கல்வியங்காடு வந்தபோது என்னிடம் ஒரு முழு வாதம் தயாராக இருந்தது.

நிலாமும் மனைவி ரிஸானாவும் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில், நிலத்தில் பாய் போட்டு, கடுதாசிப் பைகளுக்குள் ஐந்தைந்தாக வாழைப்பழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பைகள் வரிசையாக நின்றன.

"நிலாம்" என்றேன். "மாட்டெருவிலை வாழை வளருது. வாழைப்பழத்தை ஆரும் எரு எண்டு சொல்லுறேல்லை. சரியோ?"

"சரி."

"அப்ப ஒரு சாமானைக் காய்ச்சி, வடிச்சு, தூளாக்கி, அது பழைய சாமானாய் இல்லாமல் போனால்…"

"என்ன சாமான்?"

"பன்றி."

ரிஸானா கையிலிருந்ததை மெதுவாகப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போனாள். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அங்கேயும் எண்ணினேன். ஏழு தரம், அதில் ஒருதரம் மண் போட்டு, பன்றி பட்ட கைக்கு அவர்களுடைய முறை அது. எங்கள் அக்காவோடு பார்த்தால் சிக்கனம்.

"நீ வாசிச்சனான் எண்டனி" என்றான் நிலாம்.

"எனக்கு அந்தப் பாசையள் வாசிக்கத் தெரியாது."

"ஜெர்மனோ?"

"ஜெர்மனும்."

"இருவத்திரண்டு வருசமாய் அங்கை என்னடா செய்தனி?"

"தட்டுக் கழுவினனான். அதை நான் மறைக்கேல்லையே."

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பதற்கென்றே சொன்னது, வீணாய்ப் போனது.

"வாப்பா உங்கடை வீட்டிலை ஒருநாளும் கேட்டுச் சாப்பிடேல்லை" என்றான். "நான் கேட்டுப்போட்டுத்தான் எடுத்தனான். கேட்டும் பிழைச்சுப்போச்சு."

நான் ஒரு பையை எடுத்து, உள்ளே இருந்ததைப் பொட்டலத்துக்குள் திருப்பிக் கொட்டினேன். நிலாமும் ஒன்றை எடுத்துக் கொட்டினான். பத்துப் பன்னிரண்டு பை கொட்டிய பிறகு, "உன்ரை எருக் கேள்வி கேட்கவேண்டிய கேள்விதான். வா, மௌலவியட்டைக் கேப்பம்" என்றான்.

மௌலவி அடுத்த ஒழுங்கையில் இருந்தார். நிலாமின் மகளுக்கு ஓதிக்கொடுப்பவர். வயது முப்பதுக்குள், என்னை அண்ணை என்றார். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் என்னுடைய எருவையும் வாழையையும் முழுவதும் கேட்டுவிட்டு உற்சாகமாகிவிட்டார்.

"அண்ணை, இது பெரிய பெரிய ஆலிம்மார் கேட்ட கேள்வி. வைன் தானாய்ப் புளிச்சு வினாகிரியானால் அது வேறை சாமான், பாவிக்கலாம். அதைப்போல ஜெலட்டினும் முழுக்க மாறின சாமான் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். ஆனால் கனபேர் ஏற்கேல்லை. அது மாறேல்லை, உருக்கி எடுத்ததுதான் எண்டு சொல்லினம். நாங்கள் பின்பற்றுற ஷாஃபி மத்ஹபிலை பன்றிக்கு அந்த வாசலே இல்லை."

நான் ஒரு ஆலிம்போல, மார்க்கம் படித்த பெரிய ஆள்போல யோசித்திருக்கிறேன் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. நிமிர்ந்து இருந்தேன்.

"மாட்டிலை எடுத்தால்?"

"மாடு எப்பிடி அறுத்தது எண்டு தெரியோணும்."

"மீனிலை?"

"மீனெண்டால் கதையே இல்லை."

"இந்த மஞ்சள் நிறம்?"

"மஞ்சளை விடுங்கோ. சிவப்பெண்டால் பாக்கோணும், ஒரு பூச்சியைக் காயவைச்சு அரைச்சும் எடுக்கிறாங்கள். பேந்து பின்பக்கத்திலை போடுற உந்த இலக்கங்கள். ஈ நானூற்றி எழுவத்தொண்டு எண்டு ஒண்டு கிடக்கும். எண்ணெய் மரத்திலையிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலையிருந்தும் வரும். இலக்கம் ஒண்டுதான். எதிலையிருந்து வந்தது எண்டு செய்தவனைத்தான் கேக்கோணும். கேக்க ஏலாட்டி விடுறது நல்லம்."

எனக்கு அந்த நானூற்று எழுபத்தொன்றின்மேல் ஒரு அன்பு வந்தது. எங்கேயிருந்து வந்தவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுவிஸில் என்னைக் கேட்பார்கள், இந்தியாவா என்று. இங்கே சந்தையில் கேட்கிறார்கள், எந்த நாட்டிலிருந்து என்று. செய்தவர்களைக் கேட்கலாமென்றால் அப்பாவும் அம்மாவும் இல்லை.

"நிலாம் தெரியாமல் ஒண்டு சாப்பிட்டவன்" என்றேன்.

"தெரியாமல் சாப்பிட்டதுக்குக் குற்றம் இல்லை."

"எங்கடை அக்கா ஏழு சாப்பிட்டவ."

"அதுக்கு நீங்கள் உங்கடை ஐயரைத்தான் கேக்கோணும் அண்ணை."

அப்போது நிலாம் கேட்டான். "மௌலவி, தெரியாத ஒண்டைத் தெரியும் எண்டு சொன்னால்?"

மௌலவி என்னைப் பார்த்தார். "அது பொய். எவ்வளவு காய்ச்சினாலும் பொய்தான்." சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் எடுக்க உள்ளே போனார்.

மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா கத்தியைத் தந்து தோட்டத்தைக் காட்டினார். வீட்டில் இரண்டு இதரை வாழைக்குலை ஏற்கெனவே பழுத்துக் கிடந்தது, மரத்திலேயே பழுத்திருந்த மூன்றாவதை நான் வெட்டினேன். வெள்ளிக்கிழமை, சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டு, மூன்று வாழைக்குலையோடு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் குலைகளுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். ரிஸானா கடற்பாசி காய்ச்சியிருந்தாள். நோன்பு காலத்தில் அவர்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் சாமான், கடலில் முளைக்கும் பாசி, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சி ஆறவைத்தால் தானாக இறுகி நிற்கும். ஜெலட்டின் இல்லாவிட்டால் இனிப்பு நிற்காது, சூப்பாகிவிடும் என்று மார்லீஸ் பின்னர் தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. கடற்பாசிக்கு ஜெர்மனில் என்ன என்று எனக்குத் தெரியாது.

முப்பது பிள்ளைகளும் வரிசையாக இருந்தார்கள். ஒரு கையில் குலுங்குகிற கடற்பாசித் துண்டு ஒன்று, மற்றக் கையில் பழம் ஒன்று. நிலாம் குலையைத் தூக்கிக் காட்டினான்.

"இது சுவிஸ் மாமா கொண்டுவந்தது. எல்லாரும் பின்பக்கம் வடிவாய் வாசிச்சுப்போட்டுத்தான் சாப்பிடோணும், விளங்குதோ?"

முப்பது பிள்ளைகளும் வாழைப்பழத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். "ஒண்டும் எழுதேல்லை" என்றாள் மகள். "அப்ப சாப்பிடலாம்" என்றான் நிலாம். எல்லோரும் சிரித்தார்கள், மௌலவியும் சிரித்தார், நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன். ஆனால் நான் ஒரு பழத்தை உரித்து நிலாமிடம் நீட்டியபோது, "வைச்சிரு மச்சான், பேந்து சாப்பிடுறன்" என்று அடுத்த பிள்ளையிடம் போய்விட்டான். வேலை அதிகம்தான். இருந்தாலும் உரித்த பழத்தோடு நான் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு நானே சாப்பிட்டேன். நல்ல இதரை.

நாளைக்கு விடிய விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டி வருகிறது. கட்டிலில் பெட்டி திறந்து கிடக்கிறது. நிலாம் கொடுத்தனுப்பிய மஞ்சள் இனிப்பும் அக்கா மறுத்த மஞ்சள் இனிப்பும் சேர்ந்து கிட்டத்தட்ட நான்கு கிலோ இருக்கும். வளவில் கொட்ட அக்கா விடவில்லை, காகம் கொண்டுபோய்க் கோயில் கூரையில் போடுமாம். சுவிஸில் எங்கள் இல்லத்துக் கிழவர்கள் பல் இல்லாமலும் சூப்புவார்கள், அதனால் வந்த வழியே திரும்பிப் போகிறது. பெட்டியின் மற்றப் பக்கத்தில் அக்கா இரண்டு சீப்புக் காய் இதரை வைத்திருக்கிறார். அது பேர்ண் போகுமுன் கறுத்துவிடும். இந்த மஞ்சளோ நான் செத்த பிறகும் மஞ்சளாகத்தான் இருக்கும். இரண்டும் முட்டக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. நடுவில் ஒரு துவாயைச் சுருட்டி மதில்போல வைத்திருக்கிறேன். இப்போது என்னுடைய சட்டைகளைத் துவாய்க்கு எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல், எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நிலாம் பெட்டி நிறுக்கக் கடைத் தராசைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். வருவான் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குப் பிள்ளைகள் போன பிறகு படலைவரை என்னோடு வந்தவன், கையைப் பிடித்து நிறுத்தி, "மச்சான், வாப்பா சாகிறதுக்கு முதல் உங்கடை வீட்டைப் பற்றி ஒண்டு சொன்னவர், நான் உனக்கு இதுவரைக்கும் சொல்லேல்லை" என்று தொடங்கினான். வாப்பா சொன்னது என்னவென்றால்—

"டேய் தவம்! உள்ளுக்கை என்னத்தைக் கிறுக்கிறாய்? நிலாம் தராசோடை வந்து எவ்வளவு நேரம்! வடை வைச்சுக் குடுத்தனான், தட்டு நிலத்திலை முட்டுறதுக்கு முதலே எடுத்தவன், இப்ப மூண்டாவது. நீ வாறியோ, உன்ரை பங்கையும் அவனுக்குக் குடுக்கட்டோ?"

வாறன் அக்கா.